ஜெயித்த குதிரையிடம் சேர்த்தால் குட்டியும் ஜெயிக்குமா?

கேள்வி: என் பெட்டைக் குதிரைக்கு ஐந்து வயது. வண்டியில் பூட்டினால் இரண்டு மைல் வரை சீராக ஓடுகிறது. பக்கத்து வண்டி நெருங்கியதும் நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பந்தயத்தில் அது தப்பாட்டம். இந்த வருடம் நிறையக் கோப்பை வாங்கிய ஓர் ஆண் குதிரையிடம் சேர்க்கலாமா? பெரிய தொகை கேட்கிறார்கள். (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்தக் குதிரைக்குப் பிறந்த குட்டிகள் எங்கே ஓடுகின்றன என்று கேளுங்கள். கோப்பையைப் பார்ப்பதைவிடக் குட்டியைப் பார்ப்பதுதான் நல்லது.

நீங்கள் சொல்வது போன்ற ஓட்டத்துக்கென்றே அமெரிக்காவில் 'ஸ்டாண்டர்ட்பிரெட்' என்று ஓர் இனம் இருக்கிறது. முன்னங்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே உள்ள பின்னங்காலும் சேர்ந்து எழும் ஓட்டம். அந்த இனத்தின் மூலப் பொலிகுதிரை 1849இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாம்பிள்டோனியன். வில்லியம் ரிஸ்டிக் என்ற பண்ணையாள், நொண்டித் தாயையும் பால்குடிக் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கினார். அது பந்தயம் ஓடிப் பேர் வாங்கிய குதிரையே அல்ல. ஆனால் அதற்கு 1,331 குட்டிகள். இன்று அந்த நாட்டில் வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிதான்.

இதற்கு நேர் எதிர் கிரேஹவுண்ட் என்ற சாம்பல் நிறக் குதிரை. குட்டியாக 900 டாலருக்கு விலைபோனது. 1935இல் அமெரிக்காவின் பெரிய பந்தயத்தை வென்றது. 1938இல் லெக்சிங்டனில் ஒரு மைலை 1 நிமிடம் 55¼ நொடியில் ஓடியது. 1969 வரை எந்தக் குதிரையாலும் அதை உடைக்க முடியவில்லை. ஆனால் அதற்குச் சின்ன வயதிலேயே காயடித்துவிட்டார்கள். ஒரு குட்டிகூட இல்லை. பிரான்ஸின் பெரிய பந்தயத்தை நான்கு முறை வென்ற ஊராசி என்ற குதிரைக்குக் காயடிக்கவில்லை, இருந்தும் பொலிகுதிரையாகச் சோபிக்கவில்லை. ஓடுவது ஒரு திறமை, அதைக் குட்டிக்குக் கொடுப்பது இன்னொன்று.

அப்படியானால் பாய்ச்சலுக்கு மாறாமல் ஓடுவது ரத்தத்தில் வருவதில்லையா? வருகிறது. 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அது தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்த குதிரை வேகம் கூடினாலும் பாய்ச்சலுக்குப் போகத் தயங்கும். இரண்டு பக்கமும் என்பதைக் கவனியுங்கள். தகப்பனுக்கு மட்டும் காசு கொட்டிப் பயனில்லை. உங்கள் பெட்டையும் பாதிக்குப் பாதி.

இன்னொரு விஷயம். பாய்ச்சலுக்கு மாறுவதெல்லாம் பிறவிக் குணம் இல்லை. ஓடி நின்றதும் நான்கு குளம்பிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே வலி இருக்கிறது. அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரையை "அடங்காதது" என்று மலிவாகத் தள்ளிவிட்டார்கள். லாடத்தைக் கழற்றினால் ஓர் ஆணி சதையை ஒட்டி இறங்கியிருந்தது. கடிவாளம் வாயோரத்தைக் கிழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், பக்கத்தில் இன்னொரு வண்டியை மெதுவாக விட்டுச் சில வாரம் பழக்குங்கள்.

சேர்ப்பது என்று முடிவு செய்தால், இரண்டு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடியாமல் பக்கத்தில் விடவேண்டாம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. பெட்டைக்குப் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். வாலைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி சிறுநீர் விடும். கருமுட்டை கடைசி ஓரிரு நாளில்தான் வெளிவரும். அதனால் முதல் நாளே அவசரப்படாமல், மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பெட்டை மறுக்கும் வரை சேர்க்கலாம். சேர்த்த பதினைந்தாம் நாளையொட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குதிரையில் இரட்டைக் கரு பெரும்பாலும் கலைந்துவிடும். அந்த நாளில் தெரிந்தால் மருத்துவர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்றலாம்.