அந்தியில் கடைமாடிக்குள் நுழைவது குருவியா, வௌவாலா?

மலேசியாவின் தெலுக் இந்தானில் அந்திநேரம் கடைவீட்டு மாடியில் பறப்பது குருவியா, வௌவாலா என்று கேட்டிருக்கிறீர்கள். திசையைக் கவனியுங்கள். உள்ளே போவது உழவாரக் குருவி, மலாயில் வாலிட். வெளியே கிளம்புவது வௌவால். எங்கள் தோட்டத்துப் பாட்டி இரண்டையும் 'இருட்டுக் குருவி' என்றே சொல்லி முடித்துவிடுவார்.

இரண்டும் எதிரொலியால் வழி அறிகின்றன. உழவாரனின் ஒலி நமக்கே கேட்கும், சீப்பின் பற்களை நகத்தால் வருடியதுபோல. பூச்சியுண்ணும் வௌவாலின் ஒலி பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். நம் காதுக்கு எட்டாது. அந்தக் குறுகிய ஒலியலை சிறு பூச்சியிலும் பட்டுத் திரும்புவதால் இரவில் வேட்டையாடுகிறது. உழவாரன் பகலில் கண்ணால் இரை பிடிக்கும்; எதிரொலி இருட்டில் கூடு சேரத்தான்.

வௌவால் குட்டி ஈன்று பாலூட்டும். உழவாரன் எச்சிலால் கூடு கட்டும். சூப்புக்குப் போகும் அந்தக் கூட்டுக்காகவே மாடி ஜன்னல்களை அடைத்து, குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடவிடுகிறார்கள்.