ஸ்பைடர்மேன் காமிக்ஸின் வில்லன் வெனமை உருவாக்கியது ஓவியர் டாட் மெக்ஃபார்லேன்தானே?

அவர் மட்டும் இல்லை. தேடினால் முதலில் அவர் பெயர்தான் வந்து நிற்கும், அதனால் இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அவர் அமேசிங் ஸ்பைடர்மேன் வரைய வந்தது 1988-இல், 298-ஆம் இதழில். ஸ்பைடர்மேன் கழற்றி எறிந்த உயிருள்ள கறுப்பு உடை இன்னொருவன் மேல் ஒட்டிக்கொள்ளும்போது உருவாகிறவன்தான் வெனம். அவனுடைய விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

முதலில் உடை. 1982-இல் ராண்டி ஷூலர் என்ற வாசகர், ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கொடுக்கலாம் என்று மார்வெலுக்கு எழுதினார். அங்கே தலைமை எடிட்டராக இருந்த ஜிம் ஷூட்டர் 220 டாலருக்கு அந்த யோசனையை வாங்கினார். ஷூலர் சொன்னது சிவப்புச் சிலந்திச் சின்னம். அச்சில் வந்தது வெள்ளை. 1984 மே மாதம் அமேசிங் ஸ்பைடர்மேன் 252-ஆம் இதழில் உடை வந்தது. அது எங்கே கிடைத்தது என்பதை டிசம்பரில்தான், சீக்ரெட் வார்ஸ் என்ற வேறொரு தொடரின் 8-ஆம் இதழில் சொன்னார்கள். அந்த உடைக்கு உயிர் இருக்கிறது, சத்தமும் நெருப்பும் அதற்கு ஆகாது என்பது அமேசிங் 258-ஆம் இதழ். வெப் ஆஃப் ஸ்பைடர்மேன் முதல் இதழில் தேவாலய மணியோசையில் பீட்டர், அதாவது ஸ்பைடர்மேன், அதைத் தன்னிடமிருந்து பிரிக்கிறான்.

அந்த அறுந்த நூலைப் பிடித்தவர் எழுத்தாளர் டேவிட் மிஷலினி. 1986-இல் வெப் 18-ஆம் இதழில் ரயில் வரும் நேரத்தில் ஒரு கை பீட்டரைத் தண்டவாளத்தில் தள்ளுகிறது. ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் அவனுடைய சிலந்தி உணர்வு எச்சரிக்கவே இல்லை. வெனமின் பலம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

அந்த உடை போய்ச் சேரும் ஆளாக மிஷலினி முதலில் யோசித்தது ஒரு கர்ப்பிணிப் பெண். ஸ்பைடர்மேனை வேடிக்கை பார்த்த டாக்சி டிரைவர் அவள் கணவனை மோதிக் கொல்ல, குழந்தையையும் இழந்து பழிவாங்க வருகிறாள். எடிட்டர் ஜிம் சாலிக்ரப் ஆண் வில்லன் கேட்டதால் எடி பிராக் பிறந்தான். இங்கேதான் சறுக்கல். 1985-இல் எழுத்தாளர் பீட்டர் டேவிட் எழுதிய, சின்-ஈட்டர் என்ற கொலையாளியின் கதையில் பிராக்கே கிடையாது. தவறான ஆளைக் கொலையாளி என்று எழுதி வேலையிழந்த நிருபர் என்று அவனைப் பிற்பாடு அதில் ஒட்டினார்கள். தன் தவறுக்கு ஸ்பைடர்மேனைப் பழிப்பவனின் கோபத்தில், அந்தப் பெண்ணின் துக்கத்துக்கு இருந்திருக்கக்கூடிய கனம் இல்லை.

மெக்ஃபார்லேன் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். அந்தப் பருத்த உடம்பும் பல் நிறைந்த இளிப்பும் அவருடையவை. அவை இல்லாவிட்டால் வெனம் கறுப்பு உடை போட்ட இன்னொரு குண்டனாக முடிந்திருப்பான். எச்சில் ஒழுகும் நீள நாக்கு மட்டும் எரிக் லார்சன் சேர்த்தது.

சரிவு 1993-இல். விற்பனை நன்றாகப் போகிறது என்று லீதல் புரொடெக்டர் ஆறு இதழ்களில் அவனைச் சான் பிரான்சிஸ்கோவின் காவலனாக்கினார்கள். பீட்டரின் வீடும் ரகசியமும் தெரிந்தவன் என்பதுதான் பயமே. சமாதானம் செய்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு என்ன மிச்சம்? 2011-இல் உடையை ராணுவ வீரன் ஃபிளாஷ் தாம்ப்சனுக்கு மாற்றியதும், 2018-இல் டானி கேட்ஸும் ரயன் ஸ்டெக்மனும் நல் என்ற சிம்பியோட் (அந்த உடை போன்ற ஒட்டுயிர்) கடவுளைக் கொண்டுவந்ததும் அவனுக்குப் புதிய திசைகள் தந்தன.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: அமேசிங் ஸ்பைடர்மேன் 300-ஆம் இதழை வெனமின் "முதல் தோற்றம்" என்று மட்டும் சொல்லி விலையேற்றி விற்பவர்களை நம்பி வாங்காதீர்கள். 299-இன் கடைசிப் பக்கத்திலேயே வெனம் பீட்டரின் மனைவி மேரி ஜேன் முன்னால் வந்து நிற்கிறான். முழுமையாக வருவது மட்டும்தான் 300-இல்.