பழைய வரைபடத்திலிருந்து கோட்டைக் கிராமம்: வாசகர் கேள்வி – பதில்

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் மாகாணத்தில், ஜெர்மனி எல்லையை ஒட்டிச் சதுப்பு நிலத்தின் நடுவே இருக்கும் பவுர்டாங்க என்ற கோட்டைக் கிராமத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். 1593-இல் கட்டி முடிக்கப்பட்ட ஐங்கோண மண்கோட்டை அது. 1851-இல் கைவிடப்பட்டு, மதில்கள் சரிக்கப்பட்டு, அகழிகள் தூர்ந்து, வெறும் கிராமமாக நின்றது. 1960-களின் இறுதியில் தொடங்கி, 1742-இல் இருந்த வடிவிலேயே மறுபடி எழுப்பினார்கள். அதையே கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கிப் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வரைபடம் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. அளவுகோல் 'ரூட' என்ற அலகில் இருக்கிறது. மீட்டருக்கு எப்படி மாற்றுவது?
— கட்டடக்கலை மாணவி, கோவை

எந்த ஊர் ரூட என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ரைன்லாந்து ரூட 12 அடி, அதாவது 3.767 மீட்டர். ஆம்ஸ்டர்டாம் ரூட 13 அடி. ஆனால் அந்த அடி சிறியது, ஆகவே 3.68 மீட்டர்தான். 100 ரூட நீளத்தில் இரண்டுக்கும் 8.7 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ராணுவப் பொறியாளர்கள் பெரும்பாலும் ரைன்லாந்து அளவையே எடுத்துக்கொண்டார்கள், ஆனாலும் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். மதில் மூலைகளில் வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்களில் இரண்டின் முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை ரூடவில் அளந்து, 1832-இன் நிலவரி வரைபடத்தில் உள்ள அதே தூரத்தோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

இன்னொன்று, காகிதம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அளவுகோல் கிடைமட்டமாக வரையப்பட்டிருந்தால் அது கிடைமட்டச் சுருக்கத்தை மட்டுமே காட்டும். சட்டகக் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் பிக்சலில் அளந்து குறித்து வையுங்கள். ஸ்கேன் 400 டிபிஐக்குக் குறையாமல், டிஃப் கோப்பாக இருக்கட்டும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 8 புள்ளிகள் வைத்துப் பழைய வரைபடத்தை நிலத்தோடு பொருத்தினேன். பிழை பூஜ்யம் என்று காட்டுகிறது. ஆனால் நேராக இருந்த மதில் அலை அலையாக வளைந்துவிட்டது. ஏன்?
— வாசகர், திருச்சி

'தின் பிளேட் ஸ்ப்ளைன்' முறையைத் தேர்ந்திருப்பீர்கள். அது நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் சொன்ன இடத்திலேயே உட்கார வைக்கும்; அதற்காக நடுவில் உள்ளதை ரப்பர்போல இழுத்துவிடும். தவறாக வைத்த புள்ளியும் சரியானதுபோலவே தெரியும். 'பாலினாமியல் 1' முறைக்கு மாறுங்கள். குறைந்தபட்சம் 3 புள்ளிகள் போதும் என்றாலும் 10 முதல் 12 வையுங்கள், அவை வரைபடத்தின் ஓரங்களிலும் பரவியிருக்கட்டும். மூன்றைப் பொருத்தத்தில் சேர்க்காமல், சோதிப்பதற்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பிழை தாங்கும்? 1:2500 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 1.25 மீட்டரை மறைக்கிறது. ஆகவே ஒன்று, இரண்டு மீட்டர் பிழை இயல்பு. ஒரே ஒரு புள்ளி மட்டும் 6 மீட்டர் தள்ளி நின்றால், இரண்டு வரைபடங்களிலும் வெவ்வேறு கோடுகளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கொத்தள முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நீர் விளிம்பு, மதிலடித் திட்டு, தாழ்மதில், மதில் உச்சி என்று நாலைந்து கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். ஒன்றில் நீர் விளிம்பையும் மற்றதில் உச்சியையும் தொட்டால் பொருந்தவே பொருந்தாது.

இன்று நிற்கும் மதிலின் மூலைகளைக் பொருத்தும் புள்ளிகளாக எடுக்காதீர்கள். அவை பழைய வரைபடங்களைப் பார்த்து 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பியவை. வரைபடத்தை வரைபடத்தோடே ஒப்பிட்டதாக ஆகிவிடும். 1832-இல் கோட்டை உண்மையாகவே நின்றது. அதனால் அந்த ஆண்டின் நிலவரி வரைபடத்தைக் கோட்டைக்கு வெளியே உள்ள வயல் எல்லைகளையும் சாலைகளையும் கொண்டு இன்றைய நிலத்தோடு பொருத்துங்கள். பிறகு பழைய வரைபடத்தை அதன்மேல் பொருத்துங்கள்.

மதிலின் உயரத்துக்கு நெதர்லாந்து அரசின் இலவச லேசர் உயரத் தரவைப் பயன்படுத்தலாமா?
— மென்பொருள் பணியாளர், சென்னை

நிலமட்டத்துக்குப் பயன்படுத்தலாம். அரை மீட்டர் கட்டத்தில் கிடைக்கும் அருமையான தரவு அது. மதில் உயரத்துக்குக் கூடாது. மேலே சொன்ன அதே காரணம்தான். லேசர் அளந்திருப்பது மறுகட்டுமானத்தின் உயரத்தை.

குறுக்குவெட்டு வரைபடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மண் கணக்குப் போடுங்கள். மண்கோட்டையில் மதிலுக்கான மண் பக்கத்து அகழியிலிருந்துதான் வந்தது. எடுத்துக்காட்டுக்கு, அகழி மேலே 20 மீட்டர், அடியில் 14 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் வெட்டுப்பரப்பு 34 சதுர மீட்டர். மதிலின் அடி அகலம் 15, உச்சி அகலம் 5 என்று வரைபடம் சொன்னால் சராசரி 10; எனவே உயரம் 3.4 மீட்டருக்கு மேல் போக வழியில்லை. அகழிக்கு வெளியே சரிந்து இறங்கும் மேட்டுக்கும் இதே மண்ணில் பங்கு உண்டு என்பதால் உண்மையான உயரம் இன்னும் குறையும். கொத்தளங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மதில் மடிந்து மண் அதிகம் தேவைப்படும், அகழியும் அகலும். அங்கே வெட்டுப்பரப்பை விட்டுவிட்டு மொத்தக் கன அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கணக்கிட்ட உயரத்தையும் வரைபடத்தில் கண்ட உயரத்தையும் ஒரே நிறத்தில் காட்டாதீர்கள். ஆதாரம் உள்ளது, கணித்தது, ஊகம் என்று மூன்று நிறங்களில் ஒரு பிரதி கட்டாயம் வைத்திருங்கள். எதை எதிலிருந்து எடுத்தோம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி பதிவு செய்யச் சொல்கிறது, இந்தத் துறையினர் 2006-இல் உருவாக்கி 2009-இல் திருத்திய லண்டன் சாசனம்.

கொத்தள முனைகள் மழுங்கிவிடுகின்றன. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாதிரி நடுங்குகிறது.
— வாசகர், மதுரை

மழுங்கலுக்குக் காரணம், ஒரு கோட்டைச் சுற்றிக் குறித்த தூரத்துக்கு விளிம்பு வரையும் கியூஜிஐஎஸ்-இன் பஃபர் கருவி. இயல்பாக அது மூலைகளை வட்டமாக்கும். மூலை வகையை 'மைட்டர்', அதாவது கூர்முனை, ஆக்குங்கள். மைட்டர் வரம்பு 2 என்று இருக்கும், 5 ஆக்குங்கள். 2-லேயே விட்டால் 60 பாகைக்குக் குறைவான முனைகள் வெட்டுப்படும்.

நடுக்கம் ஆயத்தொலைவால் வருவது. டச்சு ஆயமுறையில் பவுர்டாங்கவின் வடக்கு மதிப்பு 5,50,000 மீட்டரைத் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய எண்ணில் பிளெண்டரால் சுமார் 6 சென்டிமீட்டருக்குக் குறைவான வித்தியாசத்தைப் பிடித்துவைக்க முடியாது. ஏற்றுமதிக்கு முன்பே கிராமத்தின் நடுச்சதுக்கத்தைப் பூஜ்யமாக வைத்து எல்லா மதிப்புகளிலும் கழித்துவிடுங்கள். கழித்த எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் மாதிரியைத் திரும்ப நிலத்தில் பொருத்த முடியாது.

தரங்கம்பாடிக்கு இந்த முறை ஒத்துவருமா?
— ஆசிரியர், மயிலாடுதுறை

நன்றாகவே ஒத்துவரும். டேனிஷ்காரரான ட்ரெலுண்ட் வரைந்த 1733-ஆம் ஆண்டு நகர வரைபடம் இருக்கிறது. டேனிஷ் அடியும் ரைன்லாந்து அடியும் ஏறக்குறைய ஒன்றுதான், 31.4 சென்டிமீட்டர். 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையையும் 1718-இன் புதிய எருசலேம் ஆலயத்தையும் புள்ளிகளாக வையுங்கள். ஊர் வாசலை மட்டும் விட்டுவிடுங்கள். இன்று நிற்பது 1792-இல் கட்டியது, வரைபடத்துக்குப் பிந்தியது. வரைபடத்தில் கடற்கரையைக் காட்டும் வரியையும் நம்பாதீர்கள். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் கொண்டுபோயிருக்கிறது. பொருத்துவதற்கு யுடிஎம் என்ற உலக ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்.