ஆசியான் ஒப்பந்தம்: அந்த வாக்கெடுப்பு ஏன் கிடைக்கவில்லை

இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் செய்த சரக்கு வர்த்தக ஒப்பந்தத்துக்கு மக்களவை எந்தத் தேதியில் வாக்களித்தது, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தேடலில் குறையில்லை, நண்பரே. அப்படி ஒரு வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தானது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம் அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் செய்ய அதன் சம்மதம் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஏதாவது சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் மசோதா வரும். சுங்க வரியைக் குறைக்க அதுகூட வேண்டாம். 1962 சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் அரசு ஓர் அறிவிக்கை போட்டால் போதும். மிளகு, தேயிலை விவசாயிகளின் பிழைப்பைத் தொடும் முடிவு இவ்வளவு சுலபமாகப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒப்பிட்டு எழுத பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2010 சட்டப்படி ஒப்பந்தம் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்கும். கீழவையான காமன்ஸ் சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டுத் தள்ளிப்போடலாம், திருத்த முடியாது.

அப்புறம், வாக்கெடுப்பைத் தேடுவதை விட்டுவிட்டு 2009ஆம் ஆண்டின் நாடாளுமன்றக் கேள்வி-பதில்களையும் நாடாளுமன்ற வர்த்தக நிலைக்குழுவின் அறிக்கைகளையும் பாருங்கள்.