ஆன்டிபாடியைத் திட்டும் முன் ஒரு ஜெல் ஓட்டிப் பாருங்கள்

சிப் (ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே உட்காருகிறது என்று, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்கிறேன், புரதம் உட்கார வேண்டிய இடத்திலும், 900 பேஸ் தள்ளி நெகட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது புரதம் உட்காராத இடமாக வைத்த இடத்திலும், டிஎன்ஏவை அளக்கும் கியூபிசிஆரில் ஒரே அளவுதான் வருகிறது, ஆன்டிபாடியை மாற்றுவதா, கட் அண்ட் ரன் என்ற மாற்று முறைக்கே போய்விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 900ஐப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. உங்கள் லேபில் எல்லோரும் ஆன்டிபாடியைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஏழு மாதம் போனது. மூன்று ஆன்டிபாடி மாற்றினேன், கழுவும் கரைசலில் உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். ஒருநாள் வேறு வேலையாக வந்த ஒரு சீனியர் கேட்டார்: "டிஎன்ஏவை எந்த அளவுக்கு உடைக்கிறாய்?"

"ஒலி அதிர்வில் பத்து சுற்று."

"சுற்றைக் கேட்கவில்லை. துண்டின் நீளத்தைக் கேட்டேன்."

அதுவரை நான் ஜெல் (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டியதே இல்லை. உடைத்த குரோமாட்டினில் (புரதம் ஒட்டிய டிஎன்ஏவில்) கொஞ்சம் எடுத்து, 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் பிணைப்பை அவிழ்த்து, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீனேஸ் கே நொதி போட்டுச் சுத்தம் செய்து ஓட்டினேன். (அவிழ்க்காமல் ஓட்டினால் ஜெல் பொய் சொல்லும்.) 200 முதல் 500 பேஸுக்குள் இருக்க வேண்டியது, 2000க்கு மேலே தடியாக நின்றது. அவ்வளவு நீளத் துண்டை இழுத்தால் பக்கத்து 900 பேஸும் கூடவே வரத்தானே செய்யும்? பாவம், ஆன்டிபாடி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

தப்பு இரண்டு இடத்தில். புரதத்தை டிஎன்ஏவோடு பிணைக்கும் ஃபார்மால்டிஹைடு ஒரு சதவீதம், பத்து நிமிடம் என்பது கணக்கு. நான் செல் வளர்த்த நான்கு தட்டுக்கும் வரிசையாக ஊற்றிவிட்டு, கடைசித் தட்டின் நேரத்தை வைத்து எல்லாவற்றுக்கும் அந்தப் பிணைப்பை நிறுத்தும் கிளைசின் போட்டேன். முதல் தட்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஊறியது. அப்படி இறுகிய குரோமாட்டின் லேசில் உடையாது. அப்புறம் நுரை. ஒலி அதிர்வால் உடைக்கும் சோனிகேட்டரின் முனையை மேலாக வைத்ததால் குழாய் முழுக்க நுரை பொங்கியது. நுரை வந்துவிட்டால் சத்தம்தான் மிச்சம், டிஎன்ஏ உடையாது. முனையைக் கீழே இறக்கி, குழாயைப் பனியில் வைத்து, தட்டுக்குத் தட்டு நேரம் பார்த்தேன். இரண்டே வாரத்தில் கன்ட்ரோல் இடம் அடங்கியது.

கட் அண்ட் ரன் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் அதற்கு எதிரி இல்லை. 2017இல் ஸ்கீனும் ஹெனிகாஃபும் கொண்டுவந்த அந்த முறையில் சோனிகேட்டரே வேண்டாம். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் நொதியே வெட்டித் தருகிறது, செல்லும் குறைவாகப் போதும். ஆனால் அங்கேயும் ஆன்டிபாடிதான் அச்சாணி. கையில் இருப்பது நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் முறையை மாற்றினால் இதே கேள்வியோடு மறுபடி வருவீர்கள். உங்கள் ஐஜிஜியும் (எந்தப் புரதத்தையும் குறிவைக்காத, ஒப்பிடுவதற்கான ஆன்டிபாடி) எகிறுகிறது என்றால் கதை வேறு, அதை நீங்கள் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு புலம்பல். அந்த முதல் ஜெல் படம் இப்போது எங்கள் பழைய லேபின் பயிற்சி ஸ்லைடில், 'வழக்கமான தவறு' என்ற தலைப்பில் இருக்கிறது. என் பெயர் இல்லை. இல்லாததே நல்லது என்கிறான் நண்பன். ஆனால் அதற்குக் கீழேயே 'சரியான முடிவு' என்று இன்னொரு ஜெல் இருக்கிறது. அதுவும் நான் ஓட்டியதுதான்.