சொந்த டொமைனை இணைத்த பிறகும் பிரவுசர் ஏன் 'பாதுகாப்பற்றது' என்கிறது?

டொமைன் என்பது உங்கள் தளத்தின் பெயர், அவ்வளவுதான். எஸ்எஸ்எல் சான்றிதழ் தனி விஷயம்: அந்தப் பெயருக்கு உரியவரின் சர்வர்தான் இது என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி, அதை நம்பித்தான் போய்வரும் தகவல் பூட்டப்படுகிறது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதால் வீடு உங்கள் பெயரில் பதிவாகிவிடாது இல்லையா, அதே கதை.

சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள், டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் சோதிக்கும். பொதுவாக அந்தப் பெயரில் வரும் சர்வரையே தட்டிப் பார்க்கும் என்பதால், டிஎன்எஸ்-இல் (டொமைன் பெயர்களுக்கான இணைய முகவரிப் பதிவேடு) உள்ள ஏ ரெக்கார்டு, அதாவது பெயரை சர்வரின் ஐபி முகவரியோடு (எண் வடிவ முகவரி) இணைக்கும் பதிவு, இன்னும் பழைய முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால் சோதனை தோற்கும், சான்றிதழும் வராது. அதனால் முதலில் டிஎன்எஸ்ஸைச் சரிசெய்யுங்கள், மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும், அப்புறம்தான் சான்றிதழ். பலர் கோட்டைவிடுவது இன்னொன்று: முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயரும் இல்லாத பெயரும் பிரவுசருக்கு வேறு வேறு, சான்றிதழில் இரண்டும் இருக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வழக்கமாகச் செல்லுபடியாவது 90 நாள்தான், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிடுங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் நம்பகமானது என்று நினைக்காதீர்கள், மோசடிக்காரரும் சான்றிதழ் வாங்கலாம். வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது.