புளி போட்டுத் துலக்கலாமா என்று கேட்டவர், விளக்கே வரவில்லை என்கிறார்

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வியாபாரம் செய்கிறேன். சென்னை வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் இணையதளத்தில் கிரெடிட் கார்டு மூலம் 38,400 ரூபாய் செலுத்தி ஒரு ஜோடி விளக்கு வாங்கினார். கூரியரில் அனுப்பினோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து, பொருள் வரவில்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்துவிட்டார். பேமென்ட் கேட்வே நிறுவனம் அந்தத் தொகையை எங்களுக்கு வரவேண்டிய பணத்திலிருந்து பிடித்துக்கொண்டு, 7 நாளில் பதில் தரச் சொல்கிறது. ஓடிபி போட்டுத்தானே பணம் கட்டினார்? அந்தப் பதிவை அனுப்பினால் போதாதா? பணத்தைப் பிடிக்க இவர்களுக்கு என்ன உரிமை? போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போதாது. நீங்கள் அனுப்பிய பதில் வரைவைப் படித்தேன். முதல் இரண்டு பக்கமும் ஓடிபி பற்றியே பேசுகின்றன. “இந்தப் பணத்தை நான் செலுத்தவே இல்லை, யாரோ என் கார்டைப் பயன்படுத்திவிட்டார்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் அது பிரம்மாஸ்திரம். ஓடிபி சரிபார்க்கப்பட்ட பரிவர்த்தனையில் அப்படிப்பட்ட மோசடிப் புகார் எழுந்தால், நட்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் தலையில்தான் விழும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அப்படிச் சொல்லவில்லையே. பணம் கட்டினேன், பொருள் வரவில்லை என்கிறார். அவரே ஒப்புக்கொண்ட ஒன்றை நிரூபிக்க இரண்டு பக்கம் எதற்கு?

கார்டுதாரரின் புகாரின் பேரில் பணத்தை வணிகரிடமிருந்து திரும்பப் பிடிப்பதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். அந்த அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அதிலுள்ள காரணக் குறியீட்டை. விசா கார்டுகளில் 10.4 என்றால் கார்டு நேரில் இல்லாமல் நடந்த மோசடி என்ற புகார், 13.1 என்றால் பொருள் வரவில்லை, 13.3 என்றால் சொன்னபடி பொருள் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது 13.1. எனவே நீங்கள் காட்டவேண்டியது ஒன்றுதான்: ஒப்புக்கொண்ட முகவரியில், கார்டுதாரரோ அவர் சார்பில் வாங்க உரிமையுள்ளவரோ பொருளைப் பெற்றுக்கொண்டார் என்பது.

இங்கேதான் காவலாளியின் கையெழுத்து பாதிச் சாட்சியாக நின்றுவிடுகிறது. அவர் வாங்கியது உண்மை. வாடிக்கையாளருக்காக வாங்க அவருக்கு உரிமை உண்டா என்று வங்கி கேட்கும். ஆர்டர் படிவத்தின் குறிப்புப் பகுதியில் “செக்யூரிட்டியிடம் கொடுக்கவும்” என்று வாடிக்கையாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். கூரியர் நிறுவனத்திடம் கையெழுத்துப் பிரதி, நேரம், புகைப்படம் இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். குடியிருப்பின் வருகைப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தைச் சங்கம் தர மறுக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இவற்றையெல்லாம்விட வலுவான சான்று நீங்கள் அனுப்பிய ஆவணக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது, 17ஆம் பக்கத்தில். கூரியர் ஒப்படைத்த மூன்றாம் நாள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் உங்களிடம் கேட்டிருக்கிறார்: “கீழ்த்தட்டில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறது, புளி போட்டுத் துலக்கலாமா?” வராத விளக்கின் கீழ்த்தட்டை யாரால் பார்க்க முடியும்? ஓடிபி பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அவருடைய எண்ணும் தேதியும் தெரியவேண்டும். அந்த எண்ணே ஆர்டரிலும் இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். கோப்பைப் படிக்கும் அலுவலர் மும்பையில் இருக்கலாம், புளியின் மகிமை அவருக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே பதிலை ஆங்கிலத்தில் எழுதி, தமிழ்ச் செய்திகளுக்குக் கீழே மொழிபெயர்ப்பைச் சேருங்கள். ஒரே பக்கத்தில் ஆர்டர் எண், தொகை, தேதி வரிசையில் நடந்தவை, பின்னால் இணைப்புகள். “ஏமாற்றுக்காரர்”, “பகல்கொள்ளை” போன்ற சொற்கள் வரைவில் ஐந்து இடத்தில் இருக்கின்றன. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் வங்கிக்கு அது சான்றாகாது.

வாடிக்கையாளரிடம் ஒருமுறை பொறுமையாகப் பேசிப் பாருங்கள். காவலாளியிடமிருந்து வீட்டில் வேறொருவர் வாங்கி வைத்திருக்கலாம். கார்டு கணவருடையது, துலக்கக் கேட்டது மனைவி என்றும் இருக்கலாம். என் அனுபவத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் தன் வங்கிக்குப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதட்டும், அதன் பிரதி உங்களுக்கு வேண்டும். அதற்காக உங்கள் பதிலை நிறுத்தி வைக்காதீர்கள். சமாதானம் என்ற பெயரில் தனியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பவே கூடாது. சார்ஜ்பேக்கிலும் தொகை போய், கையிலிருந்தும் போய், இரட்டை நட்டத்தோடு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பிடித்தது பற்றிய வாதம் பலவீனமானது. இணையத்தில் ‘ஏற்கிறேன்’ என்று நீங்கள் டிக் செய்த ஒப்பந்தத்தில் சார்ஜ்பேக் தொகையைக் கழித்துக்கொள்ளும் பிரிவு அநேகமாக இருக்கும். தகராறுக்குள்ளான பரிவர்த்தனைகளின் பணத்தை எஸ்க்ரோ கணக்கிலிருந்து, அதாவது வணிகர்களுக்குரிய பணம் தனியாக வைக்கப்படும் கணக்கிலிருந்து, திருப்பித் தர ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இடம் உண்டு. 38,400 ரூபாய்க்கும் ஒப்பந்தத்தில் சொன்ன கட்டணத்துக்கும் மேல் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும், எந்தப் பிரிவின்படி என்று எழுதிக் கேளுங்கள். 7 நாள் கெடுவும் கேட்வே நிறுவனம் வைத்ததே. விசா விதி வணிகரின் வங்கிக்கு அதைவிடக் கூடுதல் நாள் தருகிறது, ஆனால் அந்த நாட்கள் உங்களுக்கு உரியவை அல்ல. பதில் தராவிட்டால் புகாரை ஏற்றுக்கொண்டதாகவே முடித்துவிடுவார்கள்.

தோற்றால்? வங்கி எடுக்கும் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39ஆம் பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்பும் பொருட்டு விற்பவர் பொருளைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே, முதல் நோக்கில் அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். கார்டு விதியில் உங்களுக்குக் கிடைக்காத இந்த வசதி உரிமையியல் நீதிமன்றத்தில் கிடைக்கும். விலையைக் கேட்டு 55ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். காலவரம்பு 3 ஆண்டு. முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள், பல வழக்குகள் அதோடு முடிந்துவிடும். அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். ஏமாற்றுதல் குற்றத்துக்குத் தொடக்கத்திலிருந்தே வஞ்சக எண்ணம் இருந்ததைக் காட்டவேண்டும். இந்த ஆவணங்களைப் பார்த்தால் “இது சிவில் விவகாரம்” என்றுதான் அனுப்பிவைப்பார்கள். அவர் பெயரையும் படத்தையும் முகநூலில் போடப் போவதாகக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்தால் அவதூறு வழக்கில் நீங்கள் எதிரியாக நிற்க நேரிடும்.

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகிவிட்டது. கூரியர் அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். அவர்கள் தாமதித்தாலும், 17ஆம் பக்கத்தை வைத்தே கெடுவுக்குள் பதிலை அனுப்பிவிடுங்கள்.